சந்தனத்தைக் கழுவிய பிள்ளை

குறைநீக்கல் வகுப்புக்கு ஆசிரியர்களாகப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் உங்களில் சிலருக்கு முகம் தொங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தொங்கட்டும், பரவாயில்லை. எனக்கும் அப்படித்தான் தொங்கியது. ஆறாம் ஆண்டு வகுப்புக்குப் பாடம் எடுத்து, "என் மாணவி டாக்டர்" என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொள்ள ஆசைப்பட்டவள் நான். என்னைக் கொண்டுபோய், கழிவறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு குட்டி அறையில், எழுத்துக்கூட்ட வராத பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். முதல் வாரம் முழுக்க வீட்டில் சமையல் பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினேன். பல ஆண்டு கழித்து, வேறு நல்ல அறை தருகிறோம் என்று சொன்னபோது, "எனக்கு இதுவே போதும், விடுங்கள்" என்று சண்டை போட்டவளும் நான்தான்.

எப்படிச் சொல்லித் தருவது என்பதைப் பயிற்சியில் உங்களுக்கு வேண்டிய மட்டும் சொல்லியிருப்பார்கள். அதில் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. உங்களுக்குக் கையைப் பிசைய வைக்கும் நேரம் ஒன்று வரும். ஒரு பிள்ளைக்கு நல்லது செய்யப் போனால் இன்னொரு பிள்ளைக்குத் துரோகம் ஆகிவிடும் போலிருக்கும். பக்கத்தில் தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிரே ஒரு பெற்றோர் கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்துவிடத் தயாராக இருப்பார். அப்போது எந்தப் பயிற்சியும் நினைவுக்கு வராது. எனக்கு அப்படி ஒரு காலைப்பொழுது வாய்த்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். தர்ஷனா என்றும் லோகா என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

தர்ஷனா யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம். தாத்தா அந்தக் காலத்தில் ரயில்வேயில் பெரிய கிளார்க்கு. அப்பா பொறியாளர், அம்மா கணக்காய்வாளர். வீட்டில் பிள்ளையோடு ஆங்கிலம்தான் பேச்சு. பிள்ளைக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்து எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தார். வெளுத்த சீருடை, மடிப்புக் கலையாத பாவாடை, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரல்.

லோகாவின் அப்பா மோட்டார் சைக்கிளில் இடியப்பம் விற்பவர். பக்கத்து ஊரான கெலுகோருக்குக் காலை வியாபாரத்துக்குப் போகும் வழியில், பின்னால் இடியப்பப் பெட்டியும் முன்னால் மகளுமாக வந்து இறங்குவார். லோகாவுக்கு இடுப்பு வரைக்கும் தொங்கும் இரட்டைச் சடை. வாயோ, அப்பப்பா, மழைக்காலத்து ஓட்டைக் கூரை. வகுப்பில் தர்ஷனாவைத் தவிர எவரும் அவள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். பேசியே காதை அறுத்துவிடுவாள், யார் தப்பாகச் சொன்னாலும் நடுவில் புகுந்து திருத்துவாள். படிப்பில் கெட்டிக்காரி.

இந்த இருவருக்கும் எப்படி ஒட்டியது என்று ஆசிரியர் அறையில் எல்லாரும் வியப்பார்கள். ஒன்றுமில்லை. தர்ஷனாவின் அம்மா வேலைக்குப் போகும் வழியில் கடல் பாலத்து நெரிசலுக்குப் பயந்து மகளைச் சீக்கிரமே விட்டுவிட்டுப் போய்விடுவார். லோகாவின் அப்பாவும் சீக்கிரமே விட்டுவிடுவார். அந்த நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் இவர்கள் இருவரையும் ஒரு பூனையையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். லோகாவுக்குப் பேச ஆள் வேண்டும். தர்ஷனா கேட்பாள். அப்படிக் கேட்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. லோகா முந்தாநாள் சொன்னதைக்கூட வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். தன் பேச்சை ஒருத்தி ஞாபகம் வைத்திருக்கிறாள் என்பதே லோகாவுக்குப் பெரிய சந்தோஷம்.

இருவருக்கும் இரண்டாம் ஆண்டு வகுப்பு முடியப் போகும் சமயம், அவர்களுடைய வகுப்பாசிரியை மருத்துவ விடுப்பில் போனார். நான் ஒரு பாடவேளைக்குப் போனேன். வாசிப்பு நேரம். தர்ஷனா எழுந்து நின்று, விரலை வைத்து, ஒரு கதையை அழகாக வாசித்தாள். பக்கம் திருப்பினாள், தொடர்ந்து வாசித்தாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் புத்தகத்தில் யாரோ மைலோ பானத்தைக் கொட்டி இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் திருப்பியபோது இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. கண்முன்னே இருந்த பக்கத்தில் ஆமை ஆற்றைக் கடந்துகொண்டிருக்கிறது. இவளோ ஒட்டிக்கிடந்த பக்கத்தில் இருந்த முயலைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறாள். விரல் ஒவ்வொரு சொல்லாக நகர்கிறது. ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். லோகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தபோதுதான் முழுக் கதையும் புரிந்தது. காலையில் சிற்றுண்டிச்சாலையில் அன்றைய பாடத்தை லோகா வாசித்துக் காட்டுவாள். தர்ஷனா அப்படியே மனத்தில் ஏற்றிக்கொள்வாள். சோதனையென்றால் லோகா பக்கத்திலிருந்து விடையை முணுமுணுப்பாள். இரண்டு ஆண்டு. எங்கள் எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். மூளை மழுங்கிய பிள்ளையா தர்ஷனா? ஒரு புத்தகத்தையே மனப்பாடம் செய்கிறவளுக்கா மூளை இல்லை? எழுத்து மட்டும் அவள் கண்ணில் நிற்கமாட்டேன் என்கிறது. அதற்கு முறை இருக்கிறது, மருத்துவமனையில் சோதித்துச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். வயது ஏற ஏற வேலை கடினமாகும். தாமதமான ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளை தன்னை முட்டாள் என்று இன்னும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருக்கும். எனக்கு இருந்த அவசரம் அதுதான்.

தர்ஷனாவின் அம்மாவைக் கூப்பிட்டேன். மரியாதையாக வந்தார், மரியாதையாகக் கேட்டார், மரியாதையாகவே மறுத்தார்.

"டீச்சர், எங்கட குடும்பத்தில படிப்பு வராத ஆள் எண்டு ஒருத்தரும் இல்லை. வீட்டில அவள் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சிருக்கிறாள்."

"அதத்தான்மா நானும் சொல்றேன். மனப்பாடம் பண்ணிடுறா. புதுசா ஒரு வரி எழுதிக் குடுத்துப் பாருங்க."

"அவளுக்குக் கவனம் சிதறுது. அந்த இடியப்பக்காரற்ற பிள்ளையோட சேர்ந்த பிறகுதான் இப்பிடி. அது எந்நேரமும் வாய் ஓயாமல் கதைக்குது. முதல்ல ரெண்டு பேரையும் பிரிச்சு வையுங்கோ. பிறகு பாப்பம்."

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவருடைய அறையிலிருந்து கடைசியாக யார் வெளியே போனார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு நியாயம். அன்று கடைசியாகப் போனவர் தர்ஷனாவின் அம்மா. "வேற வகுப்புலதான போடச் சொல்றாங்க டீச்சர், போட்டுடலாம்லா" என்றார். புது ஆண்டு தொடங்கியதும் மூன்றாம் ஆண்டில் ஒருத்தி இந்த வகுப்பு, ஒருத்தி அந்த வகுப்பு. நடுவில் ஒரு சுவர்.

நான் நினைத்தேன், இனி முணுமுணுக்க ஆள் இல்லை, குட்டு வெளிப்பட்டுவிடும், அம்மாவே ஓடி வருவார் என்று. நடந்தது வேறு. தர்ஷனாவுக்குக் காலையில் வயிற்று வலி வர ஆரம்பித்தது. பள்ளி வாசலில் வாந்தி எடுத்தாள். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பாள், வாய் மட்டும் திறக்காது. புது வகுப்பாசிரியை, "ரொம்ப அழுத்தமான பிள்ளை" என்றார். பிள்ளைக்கு இருந்தது அழுத்தம் இல்லை, நடுக்கம். அம்மாவோ, இந்தப் பள்ளியே சரியில்லை, தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறேன் என்று பேச ஆரம்பித்தார். அங்கே போனால் மறுபடியும் முதலிலிருந்து ஒளிய வேண்டும். இந்த முறை கூட லோகாவும் இருக்கமாட்டாள்.

அப்போதுதான் தைப்பூசம் வந்தது.

எங்கள் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பந்தலில் மோர் ஊற்றுவது வழக்கம். கூட்டத்தில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட, நிமிர்ந்தால் எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. வழுவழு மொட்டைத் தலை, அது நிறையச் சந்தனம், அதற்குக் கீழே லோகாவின் பல். பக்கத்தில் அவள் அப்பா.

"என்ன தம்பி, அவ்வளவு முடியையும் எடுத்துட்டீங்க?"

"நான் எங்க டீச்சர் எடுத்தேன்? வேண்டிக்கிட்டேன்னு ஒரே பிடியா நிக்குது. என்ன வேண்டுதல்னு கேட்டா சொல்லமாட்டேங்குது. அவங்க அம்மா ரெண்டு நாளா அழுகை. முருகனுக்குச் சொன்னத நாம எப்படி வேணாங்குறது?"

அவர் சொன்னது சரிதான். வேண்டுதல் என்று சின்னப் பிள்ளை சொன்னாலும் நம் வீடுகளில் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். லோகா இரண்டு கிளாஸ் மோர் குடித்துவிட்டுப் போனாள்.

பள்ளி திறந்தது. தைப்பூசம் முடிந்த வாரத்தில் தமிழ்ப்பள்ளியைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? வகுப்புக்கு இரண்டு மூன்று மொட்டை, எல்லாவற்றிலும் மஞ்சளாகச் சந்தனம். யாரும் கேலி செய்யமாட்டார்கள். "உனக்கு என்ன வேண்டுதல்?" என்று ஆசையாகக் கேட்பார்கள். அந்தப் பிள்ளைகள் சின்ன மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நடப்பார்கள். நான் தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தேன். "பேன் மண்ட, பேன் மண்ட" என்று நாலைந்து பயல்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். யாரைப் பார்த்துக் கத்துகிறார்கள் என்று திரும்பினால், லோகா. தலையில் சந்தனத்தின் சுவடே இல்லை. அவளுடைய வகுப்பாசிரியை இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "பேனாம் டீச்சர், அவங்க அம்மா வழிச்சு விட்டுட்டாங்களாம். அவளே சொன்னா" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையைப் பிடித்து என் அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டி, கோயில்ல உன் தலையில நான் பார்த்தது என்ன? பேன் மருந்தா?"

மொட்டைத் தலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். வாய் மூடாத பிள்ளை வாயை மூடினால் நமக்குப் பயம் வருகிறது.

"சந்தனம் எங்க?"

"கழுவிட்டேன் டீச்சர். கேண்டீன் பைப்புல."

"ஏன்?"

"வேண்டுதல்னு தெரிஞ்சா எல்லாரும் என்ன வேண்டுதல்னு கேப்பாங்க. நான் பொய் சொன்னா முகத்துல தெரிஞ்சிடும். பேன்னு சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. தள்ளிப் போயிடுவாங்க."

"அப்படி என்ன ரகசியமான வேண்டுதல்?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொல்லுங்க."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். பிள்ளைகள் கேட்கும்போது நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

"தர்ஷனாவுக்குப் படிக்க வரணும்னு."

நான் ஆசிரியை அல்லவா, தப்பைக் கண்டுபிடிக்காமல் இருக்க முடியவில்லை.

"படிக்க வந்தப்புறம்தான முடி குடுக்கணும்? நீ ஏன் முன்னாடியே குடுத்த?"

என்னைக் குறைநீக்கல் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "முன்னாடியே குடுத்துட்டா அவரு செஞ்சுதான டீச்சர் ஆகணும்? வாங்கிட்டுச் சும்மா இருக்க முடியாதுல்ல."

அவளைப் பொறுத்தவரை கணக்கு அவ்வளவுதான். தோழிக்காக இடுப்பளவு முடியைக் கொடுத்தாள். அதற்குக் கிடைக்க வேண்டிய மரியாதையையும் பைப்படியில் கழுவிவிட்டு, பேன் மண்டை என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டாள். யாராவது தர்ஷனாவின் பெயரை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் தலைமையாசிரியர் அறைக்கு வரச் சொன்னார்கள். தர்ஷனாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. பள்ளி மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"இனி ஒரு நாளும் இங்க வைக்க ஏலாது டீச்சர். அந்தப் பிள்ளைக்குப் பேன். வகுப்பை மாத்தினாலும் இடைவேளையில ரெண்டும் ஒண்டாத்தான் நிக்குது. நேற்று என்ரை மகள் என்ன செய்தவள் தெரியுமோ? வேணுமெண்டே தன்ரை தலையைக் கொண்டுபோய் அதின்ரை தலையில வைச்சுத் தேய்ச்சிருக்கிறாள். கேட்டா, 'எனக்கும் பேன் வரட்டும், நானும் மொட்டை அடிக்கிறன், அவளை மட்டும் எல்லாரும் நக்கல் அடிக்கினம்' எண்டு அழுகிறாள். எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை."

தலைமையாசிரியர் பேனாவைத் திறந்துவிட்டார்.

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உண்மையைப் போட்டு உடைத்தால் அந்த அம்மா உட்கார்ந்து கேட்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் லோகா தலையைக் கொடுத்துக் காப்பாற்றிய ரகசியம் அது, நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை மீறினால் இன்னொரு பெரியவரை அந்தப் பிள்ளை நம்பாது. மீறாவிட்டால் தர்ஷனா போய்விடுவாள். ஒளிந்து ஒளிந்தே வளர்வாள். என் மனம் இரண்டு பக்கமும் ஓடியது. நல்ல எண்ணத்தில் வாக்கை மீறினால் தப்பில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தேன். அது சரியாகப் படவில்லை. ரகசியம் யாருடையதோ அவளிடம் கேட்பதை விட்டுவிட்டு நான் ஏன் இங்கே நின்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன் என்று அப்போதுதான் தோன்றியது.

"சார், பேனாவ மூடுங்க. அஞ்சு நிமிஷம்" என்றேன். என் குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் மூடிவிட்டார்.

லோகாவை வகுப்பிலிருந்து வெளியே அழைத்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் அவளுக்குச் சமமாகக் குந்தினேன். அந்த வயதில் முட்டி வலி எனக்கு, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

"தர்ஷனாவோட அம்மா அவளப் பள்ளி மாத்த வந்திருக்காங்க. நீ என்கிட்ட சொன்னத அவங்ககிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம் டீச்சர். அவங்க என்ன ஏசுவாங்க."

"ஏசலாம்."

"சொன்னா தர்ஷனா இங்கயே இருப்பாளா?"

"தெரியலம்மா. இருக்கலாம், போனாலும் போகலாம். சொல்லலைனா கண்டிப்பாப் போயிடுவா."

இருப்பாள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. லோகா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"சரி, சொல்லுங்க. ஆனா தர்ஷனாவுக்குத் தெரியக்கூடாது. ஆண்டியும் அவகிட்ட சொல்லக்கூடாது."

"ஏன்?"

"அவளுக்குப் படிக்க வரலைன்னா, என்னால லோகா முடி வீணாப் போச்சேன்னு அழுவா. அவளுக்கு ஏற்கெனவே நெறைய அழுகை இருக்கு டீச்சர்."

நான் எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். உதவி வாங்கும் பிள்ளையின் மேல் நன்றி என்ற சுமையை ஏற்றாதே என்று ஒருவரும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நாம்தான் "உனக்காக எவ்வளவு பாடுபடுறேன் தெரியுமா" என்று தினமும் பாடுகிறோமே.

அறைக்குத் திரும்பி, நின்றுகொண்டே சொன்னேன். மைலோ ஒட்டிய புத்தகத்தைச் சொன்னேன். காலை நேரத்துச் சிற்றுண்டிச்சாலையைச் சொன்னேன். சந்தனத்தையும், தர்ஷனாவுக்குத் தெரியக்கூடாது என்று லோகா கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. தர்ஷனாவின் அம்மா முதலில் நம்பவில்லை.

"அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்றார்.

லோகா வந்து கதவோரம் நின்றாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அடி விழும் என்று எதிர்பார்த்தவள் போல இருந்தாள்.

"பிள்ளை, இங்க வா. உனக்குப் பேன் இல்லையா?"

"இல்ல ஆண்டி."

"எல்லாரும் நக்கல் அடிக்கேக்க உனக்கு வெக்கமா இருக்கேல்லையா?"

"இருந்துச்சு ஆண்டி." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா தர்ஷனாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சா, அவளுக்கு இதவிட வெக்கமா இருக்கும்ல."

அந்த அம்மா கையை நீட்டி அந்த மொட்டைத் தலையின் மேல் வைத்தார். முளைவிட்டிருந்த முடி உள்ளங்கையில் குத்தியிருக்கும். கையை எடுக்கவே இல்லை. லோகாவை வகுப்புக்கு அனுப்பிய பிறகுதான் உடைந்தார்.

"எனக்குத் தெரியும் டீச்சர். புதுசா ஒரு புத்தகம் குடுத்தா உடன தண்ணி குடிக்கப் போவாள். பிறகு டாய்லெட். பிறகு தலையிடி. எனக்கு விளங்கினதுதான். எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம், அவரின்ரை அம்மா என்ன சொல்லுவா எண்டு பயந்து, தெரியாத மாதிரி இருந்திட்டன். ஒரு சின்னப் பிள்ளை வெக்கத்தைத் தன்ரை தலையில வாங்கி வைச்சிருக்கு. நான் தாய், நான் ஒளிச்சு வைச்சிருந்தனான்."

அவர்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. அவரும் பயந்த பிள்ளைதான், கொஞ்சம் வயதான பிள்ளை. எதிரே கத்துகிற பெற்றோர் பலர் உங்களுக்கு வருவார்கள். கத்தலுக்குப் பதில் சொல்லாதீர்கள். எதற்குப் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள்.

மாற்றக் கடிதத்தை அவரே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மருத்துவமனைச் சோதனைக்குச் சம்மதித்தார். அவருடைய கணவரும் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு, பிறகு வழிக்கு வந்தார். தலைமையாசிரியரிடம் இந்த முறை கடைசியாக அறையிலிருந்து போனவள் நானாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டு பிள்ளைகளும் மறுபடி ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். லோகா இனிமேல் முணுமுணுக்கக் கூடாது. அவளைத் தனியாக உட்கார வைத்துப் பச்சையாகவே சொன்னேன்: நீ நல்லதுதான் நினைத்தாய், ஆனால் நீ வாசித்துக் கொடுத்ததால்தான் அவளுக்கு வாசிக்க வராது என்று இரண்டு ஆண்டாக எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. பாவம், முகம் செத்துவிட்டது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அன்புக்காகச் செய்ததுதானே என்று விட்டுவிட்டால் அதே தப்பை இன்னும் அன்பாகச் செய்வாள். தர்ஷனா ஒரு சொல்லோடு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் சும்மா இருப்பது அவளுக்குச் சித்திரவதை. கைக்குட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் கைக்குட்டையில் பல் தடம் இருக்கும்.

தர்ஷனா என் குட்டி அறைக்கு வர ஆரம்பித்தாள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறீர்கள் என்றால் ஏமாந்து போவீர்கள். நேற்று வந்த எழுத்து இன்று வராது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்போம். நானே வீட்டுக்குப் போய், இந்தப் பிள்ளைக்கு வருமா வராதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாள் உண்டு. வயிற்று வலி மட்டும் நின்றுவிட்டது. தெரியாது என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினாள். "டீச்சர், இது எனக்குத் தெரியாது" என்று அவள் முதன்முதலில் சத்தமாகச் சொன்ன நாளில் நான் போய் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று ஒருவருக்கும் புரியவில்லை.

தர்ஷனாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. எப்போதாவது காலையில் லோகாவின் அப்பாவிடம் காரை நிறுத்தி இடியப்பம் வாங்குவார், அவ்வளவுதான்.

லோகா மட்டும் அடிக்கடி என் அறை வாசலில் வந்து நிற்பாள். மருத்துவமனை வாசலில் நிற்கும் சொந்தக்காரர் மாதிரி, உள்ளே வரமாட்டாள், போகவும் மாட்டாள். நான் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். ஆண்டுக் கடைசியில் ஒரு நாள், தர்ஷனா கை கழுவப் போயிருந்த நேரம் பார்த்து, நேராகவே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், அவளுக்கு வருதா?"

இவளிடம் பொய் சொல்லக் கூடாது என்று அந்தப் படிக்கட்டில் எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் இருக்கிறதே. அன்று தர்ஷனா ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கிவிட்டது. இந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? கொடுத்ததை வாங்கிக்கொண்டு சாமி ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

"வருதும்மா" என்றேன். "ஆனா ரொம்ப ரொம்ப மெதுவாத்தான் வருது."

அவள் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், சடை போட எட்டாமல் நாலா பக்கமும் சிலிர்த்துக்கொண்டிருந்த முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இதுவும் அப்படித்தான் டீச்சர். தெனமும் கண்ணாடில பாத்தா ஒண்ணுமே தெரியாது. ஆனா நிக்காம வருது."